இறந்த ஆசிரியருக்கு ஒரு துளை

அப்பாசாமியை இரண்டு முறை சாகடித்தார்கள். முதல் முறை சயாமில். அதில் அவருக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. அவரைக் கேட்காமல் செய்தது. இரண்டாம் முறை மலாக்காவில், காஜா பேராங்கில், அவர் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில். பகல் பதினோரு மணிக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர் கையாலேயே கையெழுத்து வாங்கிச் செய்தார்கள். சுதந்திரத்துக்கு ஒரு நாள் முன்னால்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆகஸ்டு தொடக்கத்தில் தமிழ்ப் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது. சிங்கப்பூரில் இருந்த நீரிணை உயர்கல்விக் கழகத்தை மூடுகிறார்கள். அங்கே மாணவர்கள் எழுதிக்கொடுத்த ஆய்வேடுகளின் விவரங்கள் எல்லாம் கழகத்தின் பெரும் பதிவேட்டிலிருந்து, மலாக்காவில் புதிதாகத் திறந்திருக்கும் ஆய்வேட்டு விவரக் களஞ்சியத்தின் துளை அட்டைகளுக்கு மாற்றப்படும். ஆசிரியரோ உறவினரோ நேரில் வந்து விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். முப்பதாம் தேதிக்குள் அட்டையில் ஏறாத ஏடுகள் கழிக்கப்படும்.

கடைசிச் சொல்லை அப்பாசாமி மூன்று முறை படித்தார். பிறகு, தான் துணி மடித்துக்கொண்டிருந்த ஜாலான் பெண்டஹாரா தெருக் கடையின் முதலாளி அப்துல் கய்யூமிடம் போய் அரை நாள் லீவு கேட்டார்.

"என்ன விஷயம் அப்பாசாமி?"

"பையன் புஸ்தகத்தைக் கழிச்சிடுவாங்களாம் பாய்."

அப்துல் கய்யூம் வேறொன்றும் கேட்கவில்லை. மகன் தியாகு இறந்து அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது.

தியாகு எழுதியது ஒரு பெயர்ப் புத்தகம். ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்களில் திரும்பி வராதவர்கள் முந்நூற்றுப் பதினெட்டுப் பேர். அந்தப் பேர்களில் பாதிக்கு மேல் அப்பாசாமியின் வாயிலிருந்து வந்தவை. தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்பார்கள். சயாமிலும் அதை விடவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று கூப்பிடும் வேலையை அப்பாசாமியிடம் கொடுத்தார்கள். கூப்பிட்ட பேருக்குப் பதில் வந்தால்தான் அந்த ஆளுக்குச் சோறு. எழுந்து வர முடியாதவனுக்காகப் பக்கத்தில் நிற்பவன், "வந்துட்டான், போட்டுக்குங்க" என்பான். அப்பாசாமி போட்டுக்கொள்வார். சில நாள் அந்த ஆள் விடிவதற்குள்ளேயே போயிருப்பான். அப்போதும் போட்டுக்கொள்வார்.

வெறும் பேரை வைத்து எந்த முனியாண்டி என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டுவிட்டு, தியாகு சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று வருஷம் தோட்டம் தோட்டமாக அலைந்தான். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் இன்னார் மகன் என்று எழுதினான். ஏட்டைக் கழகத்தில் கொடுத்த நாலாம் மாதம் காச நோயில் போய்விட்டான். அவன் படுக்கையோடு கிடந்த இன்னொரு பிரதியை, தொற்று என்று சொல்லி ஆஸ்பத்திரியில் கொளுத்திவிட்டார்கள். மிஞ்சியது கழகத்தில் இருந்த ஒன்றுதான்.

களஞ்சியம் ஒரு வெள்ளைக்காரத் துரை காலி செய்துவிட்டுப் போன பங்களாவில் இருந்தது. அப்பாசாமி போன நேரம் ஊசி வணக்கம் நடந்துகொண்டிருந்தது. அதாவது, களஞ்சியத்தின் இயக்குநர் டாக்டர் நல்லையா காலை ஒன்பது மணிக்கு வெல்வெட்டுப் பெட்டியைத் திறந்து, முழங்கை நீளத்துக்கு ஒரு எஃகு ஊசியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஊழியர்கள் எழுந்து நிற்க வேண்டும். ஊசி நேராக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகு உட்காரலாம்.

அந்த ஊசியில்தான் எல்லாம் இருந்தது. ஒவ்வொரு ஏட்டுக்கும் ஓர் அட்டை. அட்டையின் ஓரம் முழுக்கத் துளைகள். ஒரு துளை ஒரு விவரம். அந்த விவரம் அந்த ஏட்டுக்குப் பொருந்தினால் துளையை விளிம்புவரை வெட்டித் திறந்துவிடுவார்கள். பிறகு அட்டைக்கட்டில் ஊசியைச் செருகித் தூக்கினால், வெட்டிய அட்டைகள் மட்டும் பிடிமானம் இல்லாமல் கீழே விழும். வேளாண்மை வேண்டுமென்றால் வேளாண்மை விழும்.

குமாஸ்தா கோகிலா, உஜோங் பாசிர் பக்கத்துப் பெண், பெரும் பதிவேட்டைப் புரட்டினாள். "தியாகராஜன், சன் ஆப் அப்பாசாமி. இருக்குங்க ஐயா." ஒரு புது அட்டையை எடுத்து மேலே எழுதினாள்: அப்பாசாமி, தி.

"அம்மா, அது என் பேரு."

"கடைசியில வர்ற பேருதாங்க குடும்பப் பேரு. நாலாவது ரூல். குடும்பப் பேருலதான் ஆசிரியர்."

"எங்களுக்குக் குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாதேம்மா. அவன் பேரு தியாகராஜன். நான் அவன் அப்பன்."

"எனக்குத் தெரியாதா ஐயா? என் அப்பா பேரும் இப்படித்தான். ஆனா அட்டைக்குத் தெரியாதே." அவள் குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர்கிட்ட பேசிப் பாருங்க. பேசுவாரு. நல்லாவே பேசுவாரு."

டாக்டர் நல்லையா நாற்காலியைக் காட்டினார். யாழ்ப்பாணத்துத் தமிழ். ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்.

"அப்பாசாமியார், நீங்கள் ஒண்டை விளங்கிக்கொள்ள வேணும். எங்கட ஆக்களுக்குக் குடும்பப் பெயர் இல்லையெண்டு சொல்லக்கூடாது. இருக்குது. பாவிக்கத் தெரியேல்லை. உலகம் முழுக்க எல்லாரும் கடைசிப் பெயரிலைதான் அறியப்படுகினம். சுதந்திரம் கிடைக்கிற நேரத்திலை நாங்கள் மட்டும் முதல் பெயரிலை நிண்டால் என்ன நினைப்பினம்?"

"ஐயா, எழுதினது அவன். அட்டையில என் பேரு இருந்தா நான் எழுதினதா ஆயிடுமே."

"ஆகட்டுமே. என்னையே பாருங்கோ. நல்லையா எண்டது என்ர தகப்பன்ர பெயர். இருபத்தி நாலு வருஷமா அந்தாளின்ர பெயரிலைதான் டாக்டராய் இருக்கிறன். ஒரு நாளும் வந்து ஏனெண்டு கேக்கேல்லை. நல்ல மனுசன்."

பேர் எப்படியோ போகட்டும், ஏடு பிழைத்தால் போதும் என்று அப்பாசாமி எழுந்தார்.

"எங்கை எழும்புறியள்? அட்டையின்படி நீங்கள் ஆசிரியர். ஆசிரியர் உயிரோடை இருந்தால் நேர்காணல் உண்டு. வாற செவ்வாய்க்கிழமை வாங்கோ. சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாங்கோ."

செவ்வாய்க்கிழமை அப்பாசாமி தியாகுவின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். அந்த ஷூ அவர் காலுக்குப் பெரிது; முன்பக்கம் பஞ்சு அடைத்திருந்தது. டாக்டர் நல்லையா முன்னால் ஒரு படிவம் இருந்தது. ஏடு அங்கே இல்லை. ஏடுகள் பின்பக்கக் கொட்டகையில் இருந்தன. நேர்காணலுக்கு அவை தேவைப்படுவதில்லை.

"உங்கட ஏடு எத்தனை அங்குல உயரம்?"

"தெரியலீங்க."

"ஆசிரியருக்குத் தெரியவில்லை," என்று எழுதிக்கொண்டார். "என்ன பொருள் பற்றியது?"

"சயாம் ரயில் பாதை போடப் போயி செத்தவங்க பேருங்க ஐயா."

இயக்குநர் துளைப் பட்டியலில் விரலை ஓட்டினார். அரசாட்சி, வேளாண்மை, சமயம், மீன், போக்குவரத்து. விரல் நின்றது. "ரயில் வருகுது. போக்குவரத்து."

"ரயிலப் பத்தி இல்லீங்க. ஆளுங்களைப் பத்தி."

"ஆக்களுக்குத் துளை இல்லை. ரயிலுக்கு இருக்குது. எத்தனை ஸ்டேஷன்?"

"நாங்க நடந்துதான் போனோம்," என்றார் அப்பாசாமி.

"நடைபாதை," என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார் டாக்டர் நல்லையா. பிறகு பதிவேட்டைத் திருப்பி வைத்து, "ஏட்டை ஒப்படைச்சபோது போட்ட கையெழுத்து இது. இப்ப ஒருக்கால் போடுங்கோ," என்றார்.

பதிவேட்டில் தியாகுவின் கையெழுத்து இருந்தது. கடைசி எழுத்தின் வாலை நீளமாக இழுத்து அதற்குக் கீழே ஒரு புள்ளி வைப்பான். எட்டாம் வகுப்பிலிருந்து அப்படித்தான். அப்பாசாமி அதை விரலால் தொடப் போனார். இயக்குநர் பதிவேட்டை இழுத்துக்கொண்டார். அப்பாசாமி தன் கையெழுத்தைப் போட்டார். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம் இருந்தது.

"பொருந்தேல்லை. உயிரோடை இருக்கிற ஆசிரியரின்ர கையெழுத்துப் பொருந்தாட்டில் அட்டை ஏறாது."

"அவன் உயிரோட இல்லீங்க ஐயா. அதத்தான் முதல் நாள்லேருந்து சொல்றேன்." சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து வைத்தார். தியாகுவின் இறப்புப் பத்திரம்.

டாக்டர் நல்லையா அதை ஊசியைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதிலை செத்தவர் தியாகராஜன். ஆசிரியர் அப்பாசாமி. ஆரோ செத்ததுக்கு நாங்கள் இரங்கலாம். அட்டையை வெட்ட ஏலாது. அப்பாசாமி செத்ததுக்குப் பத்திரம் கொண்டு வாங்கோ. உடனே ஏறும். இறந்த ஆசிரியருக்கெண்டு தனித் துளையே வைச்சிருக்கிறம்."

"நான்தாங்க அப்பாசாமி."

"அதுதான் பிரச்சினை," என்றார் அவர், வருத்தத்தோடு.

வெளியே வாசற்படியில் பியூன் தேவதாஸ் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். மலாக்காச் செட்டி வம்சம். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தமிழ் பாதி புரியும், பேச வராது. உள்ளே நடந்ததெல்லாம் அவனுக்குக் கேட்டிருந்தது.

"பாக்சிக்," என்றான், பெரியவரே என்று. "ஹீடுப் சூசா. மாத்தி லாகி செனாங்."

உயிரோடிருப்பது கஷ்டம், சாவது சுலபம் என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை. இரண்டு வாரமாக அந்த வாசற்படியில் உட்கார்ந்து அழுதவர்களை எண்ணிப் பார்த்துச் சொன்னான். செத்தவர்களின் ஏடுகள் நாளுக்கு இருபது ஏறின. உயிரோடு வந்தவர்களில் இதுவரை ஏறியது ஒன்று; அது டாக்டர் நல்லையாவுடையது.

முப்பதாம் தேதிக்கு மூன்று நாள் இருந்தது. அப்பாசாமி வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிப் பஞ்சை எடுத்துவிட்டு, மனைவி பொன்னம்மாவைக் கூப்பிட்டார்.

"அந்தப் பேப்பர் இன்னும் வச்சிருக்கியா?"

"எந்தப் பேப்பரு?"

"என் பேப்பரு."

பொன்னம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்தாள். கல்யாணச் சேலைக்குக் கீழே, தியாகுவின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டுகளுக்கும் கீழே அது இருந்தது. நாற்பத்தைந்தில், சண்டை முடிந்து ஆட்கள் திரும்ப ஆரம்பித்தபோது அப்பாசாமி மட்டும் வரவில்லை. அவர் சயாமில் ஓர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். கூடப் போனவர்கள் முடிந்துவிட்டது என்று வந்து சொன்னார்கள். பொன்னம்மா போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பதிந்து பத்திரம் வாங்கினாள். அப்பாசாமி, ஆண், கூலி, காய்ச்சல், 1944. ஒரு வருஷம் கழித்து அவர் நடந்து வந்து வாசலில் நின்றார்.

"இத எதுக்குடி இத்தனை நாளு வச்சிருக்க?"

"கிழிக்கத்தான் நெனச்சேன். மறுபடியும் ஒருத்தன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான்னா? இன்னொரு தடவை ஸ்டேஷனுக்கு யாரு அலையறது?"

விவரத்தைக் கேட்டதும் அவள் சிரிக்கப் போனாள், சிரிப்பு வரவில்லை. "என் புள்ள பேரு வராதா?"

"தி போடுவாங்க. புள்ளி வச்சு."

"தி," என்று சொல்லிப் பார்த்தாள். "அவன் பொறந்தப்ப பேரு வைக்க உங்க தங்கச்சிகூட மூணு நாளு சண்டை போட்டேன். ஒரு எழுத்துதான் மிச்சமா?"

"புஸ்தகம் மிச்சமாகும் பொன்னம்மா. உள்ளே அவன் பேரு இருக்கு. அத்தனை பேரு பேரும் இருக்கு. அட்டையில யாரு பேரு இருந்தா என்ன? நான் செத்தவன்னே இருந்துட்டுப் போறேன்."

அவள் பத்திரத்தை முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். அதில் தூசி இல்லை.

முப்பதாம் தேதி காலை காஜா பேராங் முழுக்கக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். களஞ்சியத்திலும் கட்டியிருந்தார்கள். டாக்டர் நல்லையா பத்திரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். முத்திரை இருக்கிறது. பேர் பொருந்துகிறது.

"நல்லது. மிக நல்லது. முதல் நாளே கொண்டு வந்திருந்தால் இத்தனை அலைச்சல் இல்லைத்தானே?"

கோகிலா தயங்கினாள். "டாக்டர், செத்தது நாப்பத்தி நாலு. ஏடு ஒப்படைச்சது அம்பத்தாறு."

"அதுக்கென்ன? இரண்டு திகதியும் தெளிவாய் இருக்குது. இறந்த பின்னும் பன்னிரண்டு வருஷம் ஆய்வைக் கைவிடாத ஒருத்தர். இப்படிப்பட்டவையள்தான் இந்த நாட்டுக்குத் தேவை."

ஒரு படிவத்தை அப்பாசாமி பக்கம் நகர்த்தினார்கள். இறந்த ஆசிரியரின் சார்பில் உறுதி கூறுபவர், உறவு முறை. அப்பாசாமி யோசித்தார். பேனாவை எடுத்துத் தந்தை என்று எழுதினார். அந்தப் படிவத்தில் இருந்த ஒரே உண்மை அதுதான். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

கோகிலா கத்தரியால் இரண்டு துளைகளை வெட்டித் திறந்தாள். இறந்த ஆசிரியர். போக்குவரத்து. டாக்டர் நல்லையா எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, ஊசியை எடுத்து அட்டைக்கட்டில் செருகித் தூக்கினார். செத்தவர்களின் அட்டைகள் பொலபொலவென்று விழுந்தன. அவற்றை அடுக்கிப் போக்குவரத்துத் துளையில் மறுபடி செருகினார். ஒரே ஓர் அட்டை விழுந்தது. அப்பாசாமி, தி. அது கவிழ்ந்து விழுந்ததால் தேவதாஸ் குனிந்து நிமிர்த்தி வைத்தான்.

"இதுதான் மாற்றம்!" என்றார் இயக்குநர். சுதந்திர தினத்துக்காக எழுதி வைத்திருந்த உரை அவருக்குத் தானாகவே வர ஆரம்பித்தது. "ஒரு ஆய்வேட்டுக்கு எது முக்கியம்? அதின்ர விவரம். தலைப்பு, ஆண்டு, உயரம். உள்ளுக்குள்ளை இருக்கிறதை ஆர் வாசிக்கிறது? இருபத்தி நாலு வருஷத்திலை நான் ஒரு ஏட்டையும் திறந்ததில்லை. திறந்தால் கட்டுத் தளரும். அறிவெண்டது கனமான பொருள், கறையான் வரும். விவரம் இலேசானது. இந்தப் பெட்டிக்குள்ளை நானூறு ஏடு இருக்குது. தூக்கிப் பாருங்கோ, ஒரு ஆள் தூக்கலாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாசாமியும் தட்டினார். தட்டி முடித்துவிட்டுக் கேட்டார்: "ஐயா, புஸ்தகத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போகலாங்களா?"

"எந்தப் புத்தகம்?"

"என் பையன் எழுதுன ஏடு."

டாக்டர் நல்லையா அவரைக் கனிவோடு பார்த்தார். "அதுதான் ஏறிவிட்டுதே."

கோகிலா தலையைக் குனிந்துகொண்டாள். "விவரம் ஏறுனதும் ஏட்டைப் பின்னால லோரியில போட்டுடுவாங்க ஐயா. பத்து பெரெண்டாம் ஊருப் பக்கத் தோட்டத்துக்குப் போகுது. ரப்பர் சீட்டு காயவைக்கிற புகைக்கூடத்துல எரிக்க."

"ஏறாததைத்தானே கழிப்போம்னு போட்டிருந்தீங்க?"

"ஓம். ஏறாதது கழிக்கப்படும் எண்டு போட்டிருந்தது. ஏறினதை வைச்சிருப்பம் எண்டு எங்கையும் போடேல்லை. நீங்கள் கேக்கவுமில்லை." அவர் குரலில் கோபம் இல்லை. "இனி ஏன் அது? எல்லாம் அட்டையிலை இருக்குது."

அப்பாசாமி பின்பக்கம் ஓடினார். ஐம்பத்தைந்து வயதில், சயாம் தின்ற முழங்காலோடு, அதற்கு ஓட்டம் என்றுதான் பெயர். லோரி சக்கரத்தின் தடம் ஈரமண்ணில் இருந்தது. தேவதாஸ் பின்னாலேயே வந்தான். கை விரல்களை விரித்துக் காட்டினான். "தாடி," என்றான், இப்போதுதான் என்று. அப்பாசாமியின் தோளில் கை வைத்தான். கொட்டகையில் செங்கல்மேல் அடுக்கிய இடம் மட்டும் சதுரமாகத் தூசியில்லாமல் இருந்தது.

அந்தத் தோட்டத்தை அவருக்குத் தெரியும். அங்கிருந்து மட்டும் நாற்பத்தொரு பேர் போனார்கள்.

மறுநாள் ஊரெங்கும் ரேடியோ. தெருவில் மெர்டேக்கா, மெர்டேக்கா என்று, சுதந்திரம் என்று, கூவிக்கொண்டு லோரிகள் போயின. நேற்றைய லோரியும் அதில் இருந்திருக்கலாம். அப்பாசாமி கடைத்தெருவில் திறந்திருந்த ஒரே கடையில் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தார். மேசையைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பேர்கள் அவரிடம் இருந்தன. பெரட்டில் ஒன்றரை வருஷம் கூப்பிட்டவை எங்கே போகும்? ஆனால் யார் யாருடைய மகன் என்பது தியாகுவிடம் இருந்தது. அது சைக்கிளில் அலைந்து சேர்த்தது. நேற்று புகையாகப் போனது. நான்கு முனியாண்டிகள் இருந்தார்கள். இனி அவர்கள் நான்கு முனியாண்டிகள், அவ்வளவுதான். மகன் பேரைத் தொலைத்துவிட்டுத் தகப்பன் பேரை வைத்துக்கொண்டது களஞ்சியம். தகப்பன் பேர்களைத் தொலைத்துவிட்டு மகன்கள் பேரை வைத்துக்கொண்டிருந்தார் அப்பாசாமி.

ஒன்று என்று எண் போட்டார். முதல் பேர் மாரிமுத்து. எப்போதும் அவனில்தான் பெரட்டு ஆரம்பிக்கும். பேனா மாரிமுத்துவுக்குப் போகவில்லை. தியாகராஜன், அப்பாசாமி மகன் என்று எழுதியது.

எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தியாகு இருந்தால் அந்தப் பேரை அடித்திருப்பான். தலைப்புக்குப் பொருந்தாத பேரை ஒரு நாளும் விடமாட்டான். "அப்பா, இவரு சயாம் போகலையே," என்று பென்சிலால் கோடு இழுத்திருப்பான்.

எழுதும்போது வாய்விட்டுச் சொல்வது அப்பாசாமியின் பழக்கம். சயாமில் வந்தது. கூப்பிட்டுவிட்டு, பதில் வரும்வரை நிறுத்துவதும் அங்கே வந்ததுதான்.

"தியாகராஜன்," என்றார். நிறுத்தினார்.

வெளியே ரேடியோவில் பாண்டு வாசித்தார்கள். அடுப்படியில் வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது.

"வந்துட்டான்," என்றாள் பொன்னம்மா. "போட்டுக்குங்க."

அப்பாசாமி போட்டுக்கொண்டார்.